45 நொடியிலிருந்து 57 நொடிக்கு: ஃப்ரீமான்ட் ஆலையில் இலக்கு உயர்ந்த விதம்

ஒரு குழுவின் இலக்கை உயர்த்தும் பொறுப்பு தலையில் விழுந்தவர்கள் முதலில் கேட்பது, எவ்வளவு உயர்த்தினால் ஆட்கள் தாங்குவார்கள் என்பதைத்தான். பத்து சதவீதமா, பதினைந்தா, ஒரேயடியாகவா, காலாண்டுக்குக் கொஞ்சமாகவா என்று பேச்சு முழுவதும் எண்ணிக்கையைச் சுற்றியே ஓடும். அந்தப் பேச்சு தவறான இடத்தில் தொடங்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த நம்பிக்கையைத் தந்தது, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் இருந்த ஒரு கார் ஆலையின் வரலாறு. அங்கே ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு நிமிடத்தில் செய்த வேலை நான்கில் ஒரு பங்குக்கும் மேல் கூடியது. கூடிய பிறகு, வேலை தமக்கு மனநிறைவு தருகிறது என்று சொன்னவர்களின் விகிதமும் கூடியது. கட்டடம் பழையது, தொழிற்சங்கம் பழையது, தொழிலாளர்களில் பெரும்பாலோரும் பழையவர்களே. இலக்கு உயர்ந்தால் மனம் தளரும் என்ற விதி உண்மையானால் அங்கே நடந்ததை விளக்க முடியாது.

மூடப்பட்ட ஆலை

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1963-இல் தொடங்கிய ஆலை அது. 1970-களின் இறுதியில் ஏறத்தாழ 7,000 பேர் அங்கே வேலை பார்த்தார்கள். ஆனால் எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வந்திருக்க மாட்டார். தீர்க்கப்படாமல் தேங்கிக் கிடந்த குறைதீர்ப்பு மனுக்கள் பல சமயங்களில் 5,000-ஐத் தாண்டின. முன்னறிவிப்பு இல்லாத வேலைநிறுத்தங்களும், கூட்டமாக உடல்நலக் குறைவு விடுப்பு எடுத்துக்கொண்டு லைனை, அதாவது கார் நகர்ந்தபடியே உருவாகும் உற்பத்தி வரிசையை, நிறுத்திவிடுவதும் அங்கே அரிதல்ல. உற்பத்தித் திறனிலும் தரத்திலும் அந்த நிறுவனத்தின் மோசமான ஆலைகளில் ஒன்றாக அது பேரெடுத்திருந்தது. 1982-இன் தொடக்கத்தில் ஆலை மூடப்பட்டது.

அந்த ஆலையில் வேலையின் வேகத்தை யார் நிர்ணயித்தார்கள் என்பதை மட்டும் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். 80 பேர் அளவிலான தொழிற்பொறியாளர்கள் அந்த வேலைக்கென்றே இருந்தார்கள். அவர்கள் லைனுக்கு வந்து, ஒரு தொழிலாளியின் பின்னால் நின்று, ஸ்டாப்வாட்சை அழுத்தி, அவர் ஒரு வேலையைச் செய்ய எத்தனை நொடி எடுக்கிறார் என்று குறித்துக்கொண்டு போவார்கள். பிறகு அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வரும். அதுதான் அந்த வேலைக்கான அளவு. தம்மை அளக்கிறார்கள் என்று தெரிந்த எந்தத் தொழிலாளியும் அளக்கும் நேரத்தில் வேகமாக வேலை செய்ய மாட்டார். அளக்க வந்தவருக்கும் அது தெரியும்; ஆகவே அவர் தாம் கண்ட நொடிகளிலிருந்து தம் கணிப்பில் கொஞ்சம் கழித்துக்கொள்வார். அவர் கழிப்பார் என்று தெரிந்துகொண்டு தொழிலாளி இன்னும் கொஞ்சம் மெதுவாகச் செய்வார். ஒருவரை ஒருவர் ஏமாற்றும் இந்த ஆட்டத்தின் முடிவில் கிடைத்த எண்ணை இரு தரப்பும் நம்பவில்லை. அளவுத் தாளில் எழுதியிருப்பது ஒன்று, லைனில் நடப்பது வேறொன்று என்பதே நடைமுறையாகிவிட்டது. அப்படித்தான், ஒரு நிமிடத்தில் உண்மையாக வேலை நடந்தது ஏறத்தாழ 45 நொடி மட்டுமே என்ற நிலை உருவானது.

புதிய நிறுவனம், பழைய ஆட்கள்

1983-இல் ஜெனரல் மோட்டார்ஸும் ஜப்பானின் டொயோட்டாவும் சேர்ந்து அதே ஆலையைத் திறக்க உடன்பட்டன. சிறிய கார்களை லாபத்தோடு செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஜெனரல் மோட்டார்ஸின் தேவை. தன் உற்பத்தி முறை அமெரிக்கத் தொழிலாளர்களிடமும் தொழிற்சங்கத்திடமும் எடுபடுமா என்று பார்க்க வேண்டும் என்பது டொயோட்டாவின் தேவை. கூட்டு நிறுவனத்துக்கு நியூ யுனைடெட் மோட்டார் மேனுஃபேக்சரிங் என்று பெயர் வைத்தார்கள், சுருக்கமாக நூமி. அன்றாட நிர்வாகம் டொயோட்டாவின் கையில் இருந்தது. யுனைடெட் ஆட்டோ வொர்க்கர்ஸ் என்ற பழைய தொழிற்சங்கமே தொடர்ந்தது. தொடக்கத்தில் எடுக்கப்பட்ட தொழிலாளர்களில் 85 சதவீதம் பேர், மூடப்பட்ட ஆலையில் வேலை பார்த்தவர்கள். 1984 டிசம்பரில் செவ்ரோலே நோவா கார்கள் லைனிலிருந்து வரத் தொடங்கின.

இந்த ஆலையைப் பற்றிப் பேசுபவர்கள் பலர், ஜப்பானியர்கள் அன்பாக நடத்தினார்கள், அதனால் தொழிலாளர்கள் நன்றாக உழைத்தார்கள் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள். அது உண்மைக்குப் பொருந்தாது. நூமி கேட்டது மிகக் கடுமையான உழைப்பு. லைன் ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒரு கார் என்ற கணக்கில் நகர்ந்தது. அந்த 60 நொடியில் 57 நொடி கை வேலை செய்துகொண்டிருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. இது என் வேலை, அது உன் வேலை என்று பழைய ஆலையில் பல பத்துப் பிரிவுகளாகப் பிரிந்து கிடந்த உற்பத்தி வேலைகள் ஒரே பிரிவாக இணைக்கப்பட்டன. குழுவில் உள்ள எந்த வேலையையும் எவரும் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். உதிரிபாக இருப்பு வேண்டுமென்றே குறைவாக வைக்கப்பட்டதால், ஓர் இடத்தில் தாமதம் நேர்ந்தால் அதை மறைக்க வழியில்லை. சொல்லாமல் விடுப்பு எடுப்பதற்கான விதிகளும் கண்டிப்பானவை. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் இது ஒரு பெரிய இலக்கு உயர்வு. 1986-இன் முடிவில், ஜெனரல் மோட்டார்ஸின் வேறெந்த ஆலையையும் விட நூமியின் உற்பத்தித் திறன் உயர்ந்திருந்தது; பழைய ஃப்ரீமான்ட் ஆலையோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்குக்கும் மேல்.

ஸ்டாப்வாட்ச் யார் கையில்

மாற்றத்தின் கரு ஒரு சிறிய பொருளில் இருந்தது. ஸ்டாப்வாட்ச் கைமாறியது.

நூமியில் ஐந்து முதல் ஏழு பேர் வரை கொண்ட சிறு குழுக்கள் இருந்தன. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவர். அந்தத் தலைவரும் தொழிற்சங்க உறுப்பினரே, லைனில் வேலை செய்தவரே. உற்பத்தி தொடங்கும் முன்பே இப்படிப்பட்ட தலைவர்களில் 450 பேர் மூன்று வாரப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். ஒரு வேலையை எப்படி அளப்பது, எப்படிக் கூறுகளாகப் பிரிப்பது, எந்த அசைவு வீண் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையெல்லாம், முன்பு பொறியாளர்களின் தனிச் சொத்தாக இருந்த அந்த வித்தையை, குழு உறுப்பினர்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள்.

நடைமுறை இப்படி இருந்தது. குழுவினர் ஒரே வேலையைச் செய்யும்போது ஒருவரை ஒருவர் ஸ்டாப்வாட்சால் அளப்பார்கள். யார் செய்யும் விதம் பாதுகாப்பானது, நாள் முழுவதும் தாக்குப்பிடிக்கக்கூடியது, பிழை குறைவானது என்று பார்ப்பார்கள். அந்தச் சிறந்த விதத்தை எடுத்து, பாகத்தை எடுப்பது, திரும்புவது, பொருத்துவது, முடுக்குவது என்று துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் இன்னும் எளிதாக்க முடியுமா என்று யோசிப்பார்கள். பிறகு, அதே இடத்தில் மற்ற ஷிஃப்டில் வேலை செய்பவர்கள் எழுதிவைத்த முறையோடு இதை ஒப்பிட்டுப் பேசி, இரண்டு ஷிஃப்டுக்கும் பொதுவான ஒரு பணிமுறையை எழுதுவார்கள். அதுதான் அந்த வேலைக்கான அளவு. நாளைக்கே அதைவிட நல்ல வழி ஒருவருக்குத் தோன்றினால், அவர் சொல்லலாம்; சரிபார்த்து மாற்றி எழுதுவார்கள்.

57 நொடி என்ற எண்ணை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். பொறியாளர் ஒருவர் மேலிருந்து 57 என்று எழுதி அனுப்பியிருந்தால், பழைய ஆலையின் 45 இன்னும் கீழேதான் போயிருக்கும். இங்கே அந்த எண்ணின் உள்ளே இருந்த ஒவ்வொரு அசைவும், அதைச் செய்கிறவர்கள் அளந்து, வாதிட்டு, எழுதியது. பழைய ஆலையில் ஏமாற்றாமல் இருந்தவர் ஏமாளி. இங்கே ஏமாற்ற வேண்டுமானால் தன் பக்கத்தில் நிற்கும் நான்கு பேரை ஏமாற்ற வேண்டும், அதில் கிடைக்கப்போவதும் ஒன்றுமில்லை. ஊதியம் தொழிற்சங்க ஒப்பந்தப்படி மணிக்கணக்கில் தரப்பட்டது. எத்தனை செய்தாய் என்பதற்கேற்ற துண்டுக் கூலி அல்ல. ஆகவே இலக்கைத் தாழ்த்திக் காட்டிச் சம்பாதிக்க வேண்டிய தேவையும் எழவில்லை.

ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், சென்னைக்கு மேற்கே ஒரு வாகன உதிரிபாக ஆலையில் நான் ஒரு லைனின் பொறுப்பில் இருந்தேன். ஒரு ஷிஃப்டுக்கு 480 என்று இருந்த இலக்கை 540 ஆக்கும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அறிவிப்புப் பலகையில் எண்ணை மாற்றி எழுதினோம். ஒரு கூட்டம் போட்டு ஊக்கமாகப் பேசினோம். முதல் வாரம் தடுமாற்றம் இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் சரியாக 540 வந்தது. 538 வந்ததில்லை, 541-உம் வந்ததில்லை. அலுவலகத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மனிதர்கள் கையால் செய்யும் வேலையில் நாளுக்கு நாள் ஒரே எண் வருவது இயல்பே அல்ல என்று எனக்குத் தோன்ற வெகுநாள் ஆனது.

அந்த லைனில் மூத்தவர் ஒருவர் இருந்தார். போல்ட்டில் வாஷரைக் கோக்கும் வேலை அவருடையது. ஒருநாள் நான் பின்பக்கமாக வந்தபோது, அவர் சாய்வாக வெட்டிய ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டைப் பெட்டியின் விளிம்பில் செருகி வைத்திருந்ததைப் பார்த்தேன். வாஷர்கள் அதன் வழியாக ஒவ்வொன்றாக வழுக்கி வந்து, அவர் விரல் படும் இடத்தில் நின்றன. பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவி, ஒட்டிக்கொண்ட இரண்டைப் பிரித்தெடுக்கும் வேலையே இல்லை. என்னைப் பார்த்ததும் அதை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“அண்ணே, அது என்னது?” என்றேன்.

“ஒண்ணுமில்ல சார், சும்மா.”

மாலையில் வாசல் டீக்கடையில் அவரே பேச்செடுத்தார். “அதைக் காட்டினா எங்களுக்கு என்ன சார் கிடைக்கும்? அடுத்த மாசம் போர்டுல நம்பர் ஏறும். லைன்ல ஒரு கான்ட்ராக்ட் பையன் குறைவான். அந்தப் பாவம் எனக்கெதுக்கு?”

அவர் மிச்சப்படுத்திய நேரத்தை என்ன செய்தார் என்று கேட்டேன். பக்கத்து ஆபரேட்டருக்கு முதுகுவலி. அவருடைய வேலையில் பாதியை இவர் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். அதாவது அந்தக் குழுவில் திறமையும் இருந்தது, ஒருவர்மேல் ஒருவருக்கு அக்கறையும் இருந்தது. இரண்டும் நிர்வாகத்திடமிருந்து மறைத்து வைக்கப்பட்டிருந்தன. நாங்கள் எண்ணை உயர்த்திய விதம் அந்த மறைப்பை இன்னும் இறுக்கியது. மனச்சோர்வு என்பது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிவது மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். தெரிந்த நல்ல வழியைச் சொல்லாமல் பையில் போட்டுக்கொள்வதும் அதன் வடிவம்தான் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

மிச்சமான நொடி யாருக்குப் போகும்

அந்த மூத்தவர் கேட்ட கேள்விக்கு நூமி எழுத்தில் பதில் வைத்திருந்தது. வேலைப் பாதுகாப்பு தொழிலாளியின் வாழ்வுக்கு அடிப்படை என்பதை நிறுவனம் தொழிற்சங்க ஒப்பந்தத்திலேயே ஏற்றுக்கொண்டது. ஆட்குறைப்பு என்ற பேச்சுக்கு முன், அதிகாரிகளின் சம்பளத்தைக் குறைப்பது, வெளியே கொடுத்த வேலைகளை ஆலைக்குள் கொண்டுவருவது போன்ற வழிகளை முதலில் எடுக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. அதிகாரிகளின் சம்பளம் அந்தப் பட்டியலில் முன்னால் இருந்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன். இழப்பு வந்தால் அது மேலிருந்து தொடங்கும் என்று சொல்லப்பட்ட இடம் அது.

ஒப்பந்தத்தில் எழுதுவது எளிது. சோதனை 1987, 1988-இல் வந்தது. நோவா கார் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. ஆலையின் உற்பத்தி, அதன் திறனில் 60 சதவீதத்துக்கும் கீழே போனது. அமெரிக்கக் கார் தொழிலில் அந்த நிலைமைக்கு ஒரே ஒரு பதில்தான் வழக்கம். ஆட்களை வீட்டுக்கு அனுப்புவது. நூமி ஒருவரையும் அனுப்பவில்லை. லைனில் தேவைப்படாதவர்களைப் பயிற்சி வகுப்புகளில் உட்கார வைத்தது. ஆலையின் பணிமுறைகளை மேம்படுத்தும் குழுக்களில் சேர்த்தது. சம்பளம் தொடர்ந்தது.

அந்த இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நடந்ததை எண்களில் பார்க்கலாம். ஆலோசனைத் திட்டத்தில் யோசனை எழுதிக் கொடுத்தவர்கள் 1986-இல் 26 சதவீதம். 1991-இல் 92 சதவீதம். 1991-இல் மட்டும் 10,000-க்கும் மேற்பட்ட யோசனைகள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை நடைமுறைக்கு வந்தன. வேலை மனநிறைவு தருகிறது என்று ஆலையின் கணக்கெடுப்பில் சொன்னவர்கள் 1985-இல் 65 சதவீதம், 1991-இல் 90 சதவீதம். வேலைக்கு வராதவர்களின் விகிதம் பழைய ஆலையின் 20 சதவீதத்திலிருந்து 3, 4 சதவீதத்துக்கு இறங்கி அங்கேயே நின்றது. இந்த எண்களில் என்னை ஈர்ப்பது யோசனைக் கணக்குதான். யோசனை என்பது தொழிலாளி தன் பையிலிருந்து எடுத்துக் காட்டும் குழாய்த் துண்டு. மிச்சமாகும் நொடியால் தன் வேலையோ பக்கத்தில் நிற்பவரின் வேலையோ போகாது என்பது கண்முன்னே மெய்ப்பிக்கப்பட்ட பிறகே அது வெளியே வரும். 1986-இல் வாக்குறுதி இருந்தது, நான்கில் ஒருவர் எழுதினார். வாக்குறுதி காப்பாற்றப்பட்டதைப் பார்த்த பிறகு பத்தில் ஒன்பது பேர் எழுதினார்கள்.

கயிறு

லைனின் ஓரமாக, கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கயிறு ஓடும். ஒரு தொழிலாளிக்குத் தன் 60 நொடிக்குள் வேலையை முடிக்க முடியவில்லை என்றாலோ, பொருந்தாத பாகம் வந்தாலோ, அவர் அந்தக் கயிற்றை இழுக்கலாம். மேலே பலகையில் அவருடைய இடத்தின் விளக்கு எரியும், குழுத்தலைவர் ஓடி வருவார். இருவருமாகச் சேர்ந்து குறித்த நேரத்துக்குள் சரிசெய்துவிட்டால் லைன் நிற்காது, இல்லையென்றால் நிற்கும். பழைய ஆலையில் லைனை நிறுத்துவது தொழிலாளி செய்யக்கூடிய மிகப் பெரிய குற்றமாக இருந்தது. குறையுள்ள காரும் அப்படியே நகர்ந்து போகும், கடைசியில் வேறு யாராவது பழுது பார்ப்பார்கள்.

இலக்கை உயர்த்துவது பற்றிய ஆய்வில் கயிறுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். உயர்ந்த இலக்கின் கீழ் ஒரு மனிதரை உண்மையில் நசுக்குவது, முடியவில்லை என்று சொல்ல இடமில்லாத நிலை. 57 நொடி வேலை என்றால் மீதி இருப்பது மூன்றே நொடி. ஒரு திருகு கீழே விழுந்தால் போதும், எல்லாம் பின்தங்கிவிடும். அந்த நேரத்தில் உதவி கேட்பது குறையாகக் கணக்கிடப்படுமானால், ஒரே வாரத்தில் பொய்க் கணக்கு தொடங்கிவிடும்.

பொய்க் கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வேறொரு துறையிலிருந்து ஒரு சான்று போதும். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒவ்வொரு வாடிக்கையாளர் குடும்பத்துக்கும் எட்டு சேவைகளை விற்க வேண்டும் என்று இலக்கு வைத்திருந்தது. அன்றன்றைக்கு எண்ணிக்கை கேட்கப்பட்டது. எட்டாதவர்களுக்கு நெருக்கடி வந்தது. எட்ட முடியாத இலக்கு இது என்று கீழிருந்து சொல்லக் கயிறு ஏதும் இல்லை. வாடிக்கையாளருக்குத் தெரியாமலே அவர் பெயரில் கணக்குகளைத் தொடங்கினார்கள். 2016 செப்டம்பரில் வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டபோது, அப்படித் தொடங்கியிருக்கக் கூடும் என்று கணிக்கப்பட்ட கணக்குகள் 20 லட்சம் அளவில் இருந்தன. ஏறத்தாழ 5,300 ஊழியர்கள் வேலையிழந்திருந்தார்கள்.

1993: முறை பிசகிய இடம்

நூமியின் கதையை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது நேர்மையாகாது. 57 நொடி என்பது உடலுக்கு என்ன செய்யும் என்ற கேள்வியைத் தொழிற்சங்கத் தரப்பிலிருந்தே பலர் எழுப்பினார்கள். இது அழுத்தத்தை வைத்து நிர்வகிக்கும் முறை, இளைப்பாற இருந்த நொடிகளையெல்லாம் உறிஞ்சிவிடுகிறது என்றார்கள். ஆலையின் சங்கத்துக்குள்ளேயே நிர்வாகத்தோடு இணைந்து போகும் அணிக்கு எதிரான அணியும் இருந்தது. அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது என்பதை அடுத்து நடந்தது காட்டியது.

1993 மாடல் காரை லைனில் ஏற்றியபோது, தொழிலாளர்களிடையே மணிக்கட்டு, தோள், முதுகு வலிகள் கூடின. காரணங்களை வரிசையாகப் பார்த்தால், ஒவ்வொன்றும் முந்தைய ஆண்டுகளில் காக்கப்பட்டு வந்த ஏதோ ஒன்றைக் கைவிட்டதாகவே இருக்கிறது. குழுவுக்குள் வேலைகளை மாற்றி மாற்றிச் செய்வதுதான் ஒரே தசைக்குத் தொடர்ந்து பளு விழாமல் காத்துவந்தது. புதிய மாடலில் எல்லோரும் புதிய வேலையைக் கற்றுக்கொண்டிருந்ததால் அந்தச் சுழற்சி நின்றுபோனது. பாகங்கள் சரியாகப் பொருந்தாத இடங்களில் கூடுதல் பலம் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. பணிமுறையைத் தொழிலாளர்கள் அளந்து, திருத்தி, தங்கள் உடலுக்கு ஏற்றபடி சீராக்குவதற்கு நேரம் கிடைக்கும் முன்பே லைனின் வேகம் முழு அளவுக்கு உயர்த்தப்பட்டது. 1993 ஜனவரியில், பணிச்சூழலால் வரும் உடற்கோளாறுகளுக்குப் போதிய கவனம் தரவில்லை என்று மாநிலத்தின் தொழிற்பாதுகாப்பு அமைப்பு நூமிமீது நடவடிக்கை எடுத்தது.

இந்தப் பகுதியை நான் மற்ற எல்லாவற்றையும் விடக் கவனமாகப் படிக்கச் சொல்வேன். நூமியில் அப்போதும் குழுக்கள் இருந்தன, கயிறு இருந்தது, வாக்குறுதி இருந்தது, நிர்வாகத்துக்கு நல்ல எண்ணமும் இருந்தது. இல்லாமல் போனது நேரம். இலக்கைத் தங்கள் இலக்காக மாற்றிக்கொள்ளக் குழுவுக்குத் தேவைப்படும் வாரங்களை உற்பத்தி அட்டவணை விழுங்கிவிட்டது. இலக்கை உயர்த்துகிறவர்கள் எண்ணைப் பற்றி ஒரு மாதம் பேசுவார்கள். குழு அதைப் பழகிக்கொள்ள வேண்டிய காலத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுத மாட்டார்கள். நானும் அப்படித்தான் பலகையில் 540 என்று எழுதினேன்.

நூமி பாடம் கற்றது என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது. 1995 மாடல் சிறுலாரிக்கு ஆயத்தமானபோது, உடல் பளுவைக் கணிக்கும் வேலையை முன்னோட்டக் கட்டத்திலேயே தொடங்கினார்கள். லைனிலிருந்து எடுத்த தொழிலாளர்கள் அந்த முன்னோட்டக் குழுவில் இருந்து, எந்த இடத்தில் கை தோளுக்கு மேலே போகிறது, எங்கே குனிய வேண்டியிருக்கிறது என்று முன்கூட்டியே சொன்னார்கள். வேலை அமைப்பைத் திருத்தியபின் லைன் ஓடியது. முந்தைய தடவையோடு ஒப்பிட்டால் இந்த முறை நிலைமை நன்றாக இருந்தது.

நம் குழுக்களில்

கார் லைனில் நடந்தது விற்பனைக் குழுவுக்கோ, வாடிக்கையாளர் அழைப்பு மையத்துக்கோ, மென்பொருள் அணிக்கோ அப்படியே பொருந்தாது. வேலை நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப வராத இடங்களில் ஸ்டாப்வாட்சுக்கு வேலையில்லை. அதைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினால் கேடுதான் வரும். ஆனால் ஸ்டாப்வாட்சின் இடத்தில் அங்கே ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அழைப்பு மையத்தில் அது சராசரி அழைப்பு நேர அறிக்கை. விற்பனையில் அது பகுதிவாரி வாய்ப்புக் கணக்கு. அந்த அறிக்கையை முதலில் பார்ப்பது யார், மேலாளரா அல்லது அந்த எண்ணை உருவாக்குகிறவரா என்று கேட்டால் பல நிறுவனங்களில் பதில் சங்கடமாக இருக்கும். தம் எண்களைத் தாமே அலசி, எந்த வேலை வீண், எதை விட்டால் எவ்வளவு கூடும் என்று குழு முதலில் சொல்லட்டும். நிர்வாகம் தன் தேவையை மறைக்காமல் சொல்லட்டும். இரண்டும் சந்திக்கும் இடம் பெரும்பாலும் நிர்வாகம் பயந்ததைவிட உயரமாகவே இருக்கும் என்பது என் அனுபவம்.

வாக்குறுதி விஷயத்தில் நம் நிலைமை ஃப்ரீமான்டைவிடக் கடினமானது. நம் ஆலைகளில் ஒரே லைனில் நிரந்தரத் தொழிலாளரும் ஒப்பந்தத் தொழிலாளரும் பயிற்சியாளரும் தோளோடு தோள் நிற்கிறார்கள். நிரந்தரத் தொழிலாளருக்கு மட்டும் வேலைப் பாதுகாப்பை எழுதிக் கொடுத்தால், குழாய்த் துண்டு பையிலேயே இருக்கும். அந்த மூத்தவர் பயந்தது தம் வேலைக்காக அல்ல. எல்லோருக்கும், என்றென்றைக்கும் என்று வாக்களிக்க எந்த மேலாளராலும் முடியாது. ஆனால், இந்தக் குழு தன் யோசனையால் மிச்சப்படுத்தும் நேரத்தைக் காரணம் காட்டி இந்த ஆண்டில் ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட எவரையும் குறைக்க மாட்டோம் என்ற அளவிலான, வரம்புள்ள, எழுத்து மூலமான வாக்குறுதியை ஓர் ஆலை மேலாளரால் தர முடியும். அதைக்கூடத் தர முடியாத நிலையில் இருப்பவர், இலக்கை உயர்த்தும் முன் தம் மேலதிகாரியிடம்தான் முதலில் பேச வேண்டும்.

நூமியின் வாக்குறுதிக்கும் வரம்பு இருந்தது. 2009-இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவால் நடவடிக்கைக்குள் போனபோது கூட்டிலிருந்து விலகியது. தனியாக ஆலையை நடத்துவதில்லை என்று டொயோட்டாவும் முடிவெடுத்தது. 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி கடைசிக் காராக ஒரு கொரோலா லைனிலிருந்து இறங்கியது. அதுவரை அந்த ஆலை ஏறத்தாழ 80 லட்சம் வாகனங்களைச் செய்திருந்தது. வேலையிழந்தவர்கள் 4,700 பேர் அளவில். அவர்களுடைய குழுக்கள் எந்த இலக்கையும் தவறவிட்டதால் எடுக்கப்பட்ட முடிவு அல்ல அது. சில வாரங்களில் டெஸ்லா நிறுவனம் அந்த ஆலையை வாங்கப்போவதாக அறிவித்தது. இன்றும் அதே கட்டடத்தில் கார்கள் செய்யப்படுகின்றன.